மாத்திரைக்கு முழு மதிப்பெண், குடிநீருக்குப் பாதி: ஓர் ஆரம்ப சுகாதார நிலையம் குறித்த மதிப்புரை

இந்த மதிப்புரை, காவிரிப் படுகையில் உள்ள ஓர் ஊரக ஆரம்ப சுகாதார நிலையத்தின் சேவையைப் பற்றியது. நிலையத்தின் பெயரைத் தவிர்த்திருக்கிறேன். அங்குள்ள குறைகளில் பெரும்பாலானவை அங்கே பணியாற்றுபவர்கள் உண்டாக்கியவை அல்ல. நிறைகளில் பலவும் தமிழ்நாட்டின் எந்த ஊரக நிலையத்திலும் ஏறத்தாழ இதே அளவில் காணக்கூடியவை. என் தாயாருக்குச் சர்க்கரை நோயும் இரத்த அழுத்தமும் உண்டு. அவருடைய மாதாந்திர மருந்து முழுவதும் இங்கிருந்துதான் வருகிறது. என் தங்கை மகளின் முதல் பேறுகாலப் பரிசோதனைகளும் இங்கேயே நடந்தன. எனவே ஒரு பயனாளியின் குடும்பத்தில் இருந்துகொண்டுதான் எழுதுகிறேன்.

மருத்துவர் பொறுமையாகக் கேட்டாரா, கழிப்பறை சுத்தமாக இருந்ததா, எவ்வளவு நேரம் காத்திருக்க வேண்டியிருந்தது என்பவற்றுக்கும் பதில் சொல்வேன். ஆனால் அதோடு நிறுத்திக்கொண்டால் அது உணவகத்துக்கு மதிப்புரை எழுதுவதைப் போல ஆகிவிடும். சாம்பார் சரியில்லை என்றால் அடுத்த தெருவுக்குப் போய்விடலாம். சமவெளியில் சுமார் 30,000 பேருக்கு ஒன்று என்ற கணக்கில் அமைக்கப்பட்ட சுகாதார நிலையத்தை அப்படி மாற்றிக்கொள்ள முடியாது. இங்கே எந்த மருந்து இருக்கும், எத்தனை செவிலியர் இருப்பார்கள், மருத்துவர் வருவாரா, ஊர்த் தொட்டியில் குளோரின் கலக்கப்படுமா என்ற முடிவுகள் சட்டமன்றத்திலும் தலைமைச் செயலகத்திலும் ஊராட்சி அலுவலகத்திலும் எடுக்கப்படுகின்றன. பல ஆண்டுகளாக இந்தச் சேவையைப் பயன்படுத்தியதில் எனக்குத் தெளிவாகத் தெரிந்தது ஒன்று உண்டு: கட்சிகள் ஒன்றோடொன்று போட்டி போட்ட துறைகளில் சேவை வியக்கத்தக்க அளவில் நன்றாக இருக்கிறது, ஊரார் கூடிக் கேட்டாலொழிய எவரும் திரும்பிப் பார்க்காத துறைகளில் அது தேங்கிக் கிடக்கிறது.

முதலில் நேரடி அனுபவத்தைச் சொல்லிவிடுகிறேன். புறநோயாளிச் சீட்டுக்குக் கட்டணம் இல்லை. காலையில் சீக்கிரம் போனால் காத்திருப்பு குறைவு. பள்ளிக் குழந்தைகளுக்குக் காய்ச்சல் பரவும் மழைக்காலத்தில் மட்டும் வரிசை வாசலைத் தாண்டிவிடும். தொற்றா நோய்களுக்கென்று தனி அறை உண்டு. அங்குள்ள செவிலியர் இரத்த அழுத்தத்தை அளந்து, விரல் நுனியில் குத்திச் சர்க்கரை பார்த்து, நோட்டிலும் கணினியிலும் பதிந்த பிறகே மருத்துவரிடம் அனுப்புகிறார். மருத்துவர் ஒருவருக்கு ஒதுக்கும் நேரம் மிகக் குறைவு. அதைக் குறையாகச் சொல்லத்தான் வேண்டும் என்றாலும், வெளியே நிற்கும் கூட்டத்தைப் பார்த்தவர்கள் அவரைக் குற்றம் சொல்லத் தயங்குவார்கள். கழிப்பறை, முற்பகலில் பயன்படுத்தத்தக்கது. பிற்பகலில் அவ்வாறு சொல்ல இயலாது.

இந்த நிலையத்தில் எனக்குக் குறை சொல்லவே தோன்றாத ஒரே இடம் மருந்து கொடுக்கும் சாளரம். மெட்ஃபார்மின், அம்லோடிபின் போன்ற மாத்திரைகள் இல்லையென்று திருப்பி அனுப்பப்பட்ட நாள் என் நினைவில் இல்லை. மாத்திரை அட்டையைத் திருப்பிப் பார்த்தால், அது தமிழ்நாடு அரசின் வழங்கல், விற்பனைக்கு அல்ல என்ற வாசகம் இருக்கும். சாதாரணமாகத் தோன்றும் அந்த வாசகத்துக்குப் பின்னால் உள்ள ஏற்பாட்டைத்தான் இந்தச் சேவையின் மிகச் சிறந்த பகுதியாக நான் கருதுகிறேன்.

தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம் 1994ஆம் ஆண்டு ஜூலை மாதம் அரசு நிறுவனமாகப் பதிவு செய்யப்பட்டது. 1995இன் தொடக்கத்தில் மருந்து வழங்கத் தொடங்கியது. அதற்கு முன் அரசு மருத்துவமனைகளுக்கான கொள்முதல் பல கைகளில் சிதறிக் கிடந்தது. ஓரிடத்தில் மருந்து காலாவதியாகி வீணாக, மற்றோரிடத்தில் அதே மருந்துக்கு நோயாளி வெளிக்கடையைத் தேடி ஓட வேண்டியிருந்தது. கழகம் வந்த பிறகு, அத்தியாவசிய மருந்துகளின் பட்டியல் ஒன்று வகுக்கப்பட்டு, வணிகப் பெயர்களை விட்டு மருந்தின் மூலப் பெயரிலேயே ஒப்பந்தப்புள்ளி கோரப்பட்டு, மாநிலம் முழுவதற்குமாகச் சேர்த்து வாங்கப்பட்டது. மாவட்டக் கிடங்குகளுக்கு வந்து சேரும் ஒவ்வொரு தொகுதியிலிருந்தும் மாதிரி எடுத்து, தயாரித்த நிறுவனத்தின் பெயர் ஆய்வகத்துக்குத் தெரியாதபடி குறியீட்டு எண் மட்டும் இட்டுச் சோதனைக்கு அனுப்புகிறார்கள். ஒவ்வொரு மருத்துவமனைக்கும் வங்கிக் கணக்குப் புத்தகத்தைப் போன்ற ஒரு பாஸ்புக் வழங்கப்பட்டது. அதில் எழுதப்பட்ட தொகைக்குள், தனக்கு எந்த மருந்து எவ்வளவு வேண்டும் என்பதை அந்த மருத்துவமனையே முடிவு செய்து கிடங்கிலிருந்து எடுத்துக்கொள்ளலாம். மேலிடம் அனுப்பியதை வாங்கி அடுக்கி வைக்கும் வழக்கத்துக்கு இது முற்றிலும் எதிரான ஏற்பாடு.

இதில் அரசியல் எங்கே வருகிறது என்று கேட்கலாம். இந்தக் கழகம் ஜெயலலிதா ஆட்சியில் தொடங்கப்பட்டது. 1996இல் கருணாநிதி ஆட்சிக்கு வந்தார். அதன் பின்னரும் ஆட்சி பலமுறை மாறியது. முந்தைய ஆட்சி தொடங்கியதை முடக்குவது இந்த மாநிலத்தில் புதிய செய்தி அல்ல. ஆனால் இந்த ஏற்பாட்டை எந்த ஆட்சியும் கலைக்கவில்லை. மருந்து இல்லை என்று மக்கள் திரும்பிப் போகும் நிலை வந்தால் அது தேர்தலில் எதிரொலிக்கும் என்று இரு தரப்பும் அறிந்திருந்ததே அதற்குக் காரணம் என்று நான் நினைக்கிறேன். கேரளம் 2007இலும் இராஜஸ்தான் 2011இலும் இதே மாதிரியில் தங்கள் கழகங்களை அமைத்துக்கொண்டன. இராஜஸ்தானில் அதே 2011ஆம் ஆண்டு அக்டோபர் 2 அன்று தொடங்கிய இலவச மருந்துத் திட்டத்துக்கு இந்த அமைப்பே முதுகெலும்பு.

சாளரத்தில் இருக்கும் குறைகளையும் சொல்ல வேண்டும். எங்கள் நிலையத்தில் சில நாட்களில் மாத்திரைகளைச் சிறு காகித உறையில் இட்டு, வேளையை வாய்மொழியாகச் சொல்லிக் கொடுத்துவிடுகிறார்கள். எழுத்தறியாத முதியவர் வீட்டுக்குப் போய்ச் சேர்வதற்குள் காலை மாத்திரையும் இரவு மாத்திரையும் இடம் மாறிவிடும். சர்க்கரையின் மூன்று மாதச் சராசரியைக் காட்டும் பரிசோதனையை இங்கேயே செய்வதில்லை. தனியார் மருத்துவர் எழுதித் தந்த வணிகப் பெயருக்கு இணையான மாத்திரை எது என்று விளக்கிச் சொல்ல மருந்தாளுநருக்கு நேரம் கிடைப்பதில்லை. அதனால் ‘அரசு மாத்திரைக்கு வீரியம் குறைவு’ என்ற பேச்சு ஊரில் இன்னமும் ஓயவில்லை.

2021ஆம் ஆண்டு ஆகஸ்ட் 5 அன்று கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கி வைக்கப்பட்ட ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டம், இந்தச் சாளரத்தை வீட்டு வாசலுக்கே கொண்டு வந்திருக்கிறது. மகளிர் சுய உதவிக் குழுக்களிலிருந்து தேர்ந்தெடுக்கப்பட்ட பெண் சுகாதாரத் தன்னார்வலர்கள் வீடு தேடி வந்து இரத்த அழுத்தத்தையும் சர்க்கரையையும் சோதித்து, பதிவு செய்துகொண்டு, மருந்தையும் தருகிறார்கள். படுக்கையில் கிடப்போருக்கு இயன்முறை மருத்துவமும் நோய்த் தணிப்புச் சிகிச்சையும் கிடைக்கின்றன. 2024இல் இத்திட்டத்துக்கு ஐக்கிய நாடுகள் அமைப்பின் தொற்றா நோய்களுக்கான பணிக்குழு விருது கிடைத்தது. விருதைவிட எனக்கு முக்கியமாகத் தோன்றுவது, மருந்து கொண்டு வருபவர் அதே ஊர்க்காரராக இருப்பதுதான். என் தாயார் மாத்திரையை விழுங்காமல் டப்பாவில் சேர்த்து வைத்திருந்ததை மருத்துவர் கண்டுபிடித்திருக்க முடியாது. அடுத்த தெருவிலிருந்து வரும் அந்தப் பெண் கண்டுபிடித்து, ‘என்னம்மா, சாமிக்குப் படைக்கிறதுக்கா சேத்து வச்சிருக்கீங்க?’ என்று கடிந்துகொண்டார். இத்தனை பொறுப்பைச் சுமக்கும் அவருக்குக் கிடைப்பது ஊக்கத்தொகைதான். நிரந்தரப் பணியாளர் என்ற தகுதி அவருக்கு இல்லை. திட்டத்தின் புகழ் முழுவதும் இவர்கள் வீடுவீடாக நடக்கும் நடையில் நிற்கும்போது, இந்த ஏற்பாடு நெடுங்காலம் தாங்குமா என்ற ஐயம் எனக்கு உண்டு.

பேறுகாலச் சேவைக்கு வருகிறேன். கட்சிகளின் போட்டி பொதுச் சுகாதாரத்துக்கு என்ன செய்ய முடியும் என்பதற்கு இதைவிடத் தெளிவான எடுத்துக்காட்டு இல்லை. டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி பெயரிலான மகப்பேறு நிதியுதவி 1980களின் இறுதியில் சில நூறு ரூபாயாகத் தொடங்கியது. 2006இல் 6,000, 2011இல் 12,000, 2018இல் 18,000 என்று உயர்ந்தது. இவற்றுள் முதலாவதை அறிவித்தது தி.மு.க. ஆட்சி, மற்ற இரண்டையும் அறிவித்தது அ.தி.மு.க. ஆட்சி. பணத்தோடு, ஊரக நிலையங்களில் மூன்று செவிலியரைச் சுழற்சி முறையில் பணியமர்த்தி 24 மணி நேரமும் பிரசவம் பார்க்கும் முறை 2000க்குப் பிந்தைய ஆண்டுகளில் மாநிலம் முழுவதும் விரிந்தது. 2008இல் 108 ஆம்புலன்ஸ் வந்தது. பேறுகாலத்தில் ஒரு பெண் இறந்தால் அதை மாவட்ட அளவில் ஆய்வு செய்வதும், ஆட்சியர் முன்னிலையில் இறந்த பெண்ணின் உறவினரையும் அழைத்துக் கேட்பதும் நடைமுறைக்கு வந்தன. மாதிரிப் பதிவுக் கணக்கெடுப்பின்படி ஒரு இலட்சம் உயிருள்ள பிறப்புகளுக்குத் தமிழ்நாட்டில் 2001–03இல் 134 ஆக இருந்த தாய்மார் இறப்பு விகிதம், 2018–20இல் 54 ஆகக் குறைந்தது. அதே காலத்தில் இந்தியாவின் சராசரி 301இலிருந்து 97க்கு வந்தது. கேரளத்தின் 19ஐப் பார்த்தால் நாம் பெருமைப்பட இன்னும் நிறைய தூரம் இருக்கிறது என்பதும் உண்மை.

என் தங்கை மகளின் அனுபவத்தில், கிராம சுகாதார செவிலியர் கருவுற்ற தொடக்க வாரங்களிலேயே பிக்மி எண் (கருவுற்ற பெண்ணுக்கு அரசு தரும் பதிவு எண்) பதிந்து தந்தார். இரும்புச் சத்து மாத்திரை, ஸ்கேனுக்கான பரிந்துரை, தடுப்பூசி நாள் என எதற்கும் தொலைபேசியில் நினைவூட்டினார். ஊரில் எல்லோருக்கும் அவர் ‘நர்ஸம்மா’தான்; அவர் பெயரைச் சொல்லிக் கேட்டால் பலருக்குத் தெரியாது. நிதியுதவியின் தவணை மட்டும் வங்கிக் கணக்குக்கு வந்து சேர வெகுநாள் ஆனது. குழந்தை பிறந்த பிறகு வரும் பணத்தைக் கொண்டு கருவுற்ற பெண்ணுக்குச் சத்துணவு வாங்க முடியாது என்பதை யாராவது உரிய இடத்தில் சொன்னால் நல்லது. பிரசவம் வட்டத் தலைநகர் மருத்துவமனையில் அறுவை சிகிச்சை மூலம் நடந்தது. அது தேவைப்பட்டதா என்று தீர்ப்புச் சொல்ல எனக்குத் தகுதி இல்லை. ஆனால் 2019–21ஆம் ஆண்டுக்கான தேசிய குடும்ப நல ஆய்வு, தமிழ்நாட்டின் பிரசவங்களில் 44.9 விழுக்காடு அறுவை சிகிச்சை மூலம் நடந்தவை என்றும், தனியார் மருத்துவமனைகளில் அது 63.8 விழுக்காடு, அரசு மருத்துவமனைகளில் 36 விழுக்காடு என்றும் சொல்கிறது. மருத்துவமனைப் பிரசவம் என்ற இலக்கை எட்டுவதில் காட்டிய வேகத்தை, அங்கே நடப்பது என்ன என்று கேட்பதில் எந்தக் கட்சியும் காட்டவில்லை.

மருத்துவர் இருக்கிறாரா என்ற கேள்விக்கு, எங்கள் நிலையத்தைப் பொறுத்தவரை, ஆம் என்பதே பதில். நம் நாட்டின் பல மாநிலங்களில் ஊரக நிலையத்துக்கு மருத்துவர் கிடைப்பதே அரிது. இங்கு இளம் மருத்துவர்கள் வரத் தயங்காததற்கு, அரசுப் பணியில் இருப்போருக்கு மருத்துவ மேற்படிப்பில் 50 விழுக்காடு இடம் ஒதுக்கும் பழைய கொள்கை பெரிய காரணம். 2017இல் அந்த ஒதுக்கீடு நீதிமன்றத் தீர்ப்பால் கைவிட்டுப் போனது. மருத்துவர் அமைப்புகள் சட்டப் போராட்டம் நடத்தின. 2020 ஆகஸ்ட் 31 அன்று உச்ச நீதிமன்றத்தின் அரசியல் சாசன அமர்வு, அப்படி ஒதுக்க மாநிலங்களுக்கு அதிகாரம் உண்டு என்று தீர்ப்பளித்தது. எங்கள் ஊரில் காய்ச்சலுக்குச் சீட்டு வாங்கி நிற்பவருக்கும் அந்தத் தீர்ப்புக்கும் தொடர்பு உண்டு என்று சொன்னால் நம்பமாட்டார்கள். ஆனால் இது உண்மை.

போட்டியின் வேண்டாத பக்கமும் உண்டு. 2009இல் கலைஞர் பெயரில் வந்த காப்பீட்டுத் திட்டம் 2012இல் முதலமைச்சரின் விரிவான காப்பீட்டுத் திட்டமாக மறுபிறவி எடுத்தது. அட்டை மாறியது, சேவை தொடர்ந்தது, அதனால் யாருக்கும் பெரிய இழப்பு இல்லை. 2020 டிசம்பரில், தேர்தலுக்குச் சில மாதங்களே இருந்தபோது, 2,000 இடங்களுக்கு என்று அறிவிக்கப்பட்டுத் திறக்கப்பட்ட அம்மா மினி கிளினிக்குகளின் கதை வேறு. தற்காலிகப் பணியாளர்களைக் கொண்டு, கிடைத்த கட்டடத்தில் நடத்தப்பட்ட அவை ஆட்சி மாறியதும் மூடப்பட்டன. அவசரத்தில் திறந்தது ஒரு தவறு என்றால், எங்கே அவற்றுக்கு உண்மையான தேவை இருந்தது என்று ஊரைக் கேட்காமலேயே ஒட்டுமொத்தமாக மூடியது மற்றொரு தவறு. பெயர்ப் பலகையில் யாருடைய படம் இருக்கிறது என்பது எனக்கு ஒரு பொருட்டல்ல. ஆனால் படத்துக்காகவே தொடங்கப்படுபவை படத்தோடு போய்விடுகின்றன.

இதுவரை சொன்னவை யாவும் நோயாளியாக ஒருவர் நிலையத்துக்குள் நுழைந்த பிறகு கிடைப்பவை. நோய் வராமல் காப்பதும் இந்தச் சேவையின் கடமைதான். அங்கேதான் மதிப்பெண் சரிகிறது. நாட்டிலேயே முதன்முதலாகப் பொதுச் சுகாதாரத்துக்கென்று முழுமையான சட்டம் இயற்றியது இந்த மாகாணம்தான். இராஜாஜி அமைச்சரவைக் காலத்தில், 1939இல் வந்த சென்னைப் பொதுச் சுகாதாரச் சட்டம் அது. குடிநீர், சாக்கடை, கொசு, தொற்றுநோய் அனைத்தையும் பற்றிப் பேசும் அந்தச் சட்டம் இன்றும் நடப்பில் உள்ளது. பொதுச் சுகாதாரத்துக்கென்றே தனி இயக்குநரகமும், அதற்கெனப் பயிற்சி பெற்ற அலுவலர் வரிசையும் நம்மிடம் உண்டு. பல மாநிலங்களில் இல்லாத வசதி இது. அப்படியிருந்தும், எங்கள் ஊர் மேல்நிலைத் தொட்டியின் நீரில் குளோரின் போதிய அளவு இருக்கிறதா என்பது தெருவுக்குத் தெரு, நாளுக்கு நாள் மாறுகிறது.

காரணம் எளிமையானது. நீரைச் சோதித்து, கடைசிக் குழாயிலும் லிட்டருக்கு 0.2 மில்லிகிராம் குளோரின் எஞ்சியிருக்கிறதா என்று பார்ப்பவர் சுகாதார ஆய்வாளர். அவர் சுகாதாரத் துறையைச் சேர்ந்தவர். தொட்டியைக் கழுவி, பிளீச்சிங் பவுடர் கரைத்து ஊற்றும் டேங்க் ஆபரேட்டர் ஊராட்சியின் ஆள். முன்னவர் எழுதும் குறிப்பு பின்னவரை எட்ட வேண்டுமானால் நடுவில் ஊராட்சித் தலைவரும் வார்டு உறுப்பினரும் இருக்க வேண்டும். அதாவது, ஊரார் வழிமறித்துக் கேள்வி கேட்கக்கூடிய ஒருவர் இருக்க வேண்டும்.

தமிழ்நாட்டின் உள்ளாட்சிகளில் அப்படி ஒருவர் நீண்ட காலம் இருக்கவில்லை. 2016இல் பதவிக்காலம் முடிந்த பின் ஊரக உள்ளாட்சித் தேர்தல் பெரும்பாலான மாவட்டங்களில் 2019 டிசம்பரிலும், எஞ்சிய ஒன்பது மாவட்டங்களில் 2021 அக்டோபரிலும்தான் நடந்தது. நகர்ப்புறங்கள் 2022 பிப்ரவரி வரை காத்திருந்தன. இடையில் தனி அலுவலர்கள் ஆண்டார்கள். அந்த இடைவெளியில் வந்த 2017ஆம் ஆண்டின் டெங்குவில், அரசுக் கணக்கின்படியே 23,294 பேர் பாதிக்கப்பட்டு 65 பேர் இறந்தனர். டெங்குவுக்கு மழை, நகரமயம், தண்ணீரைச் சேமித்து வைக்கும் பழக்கம் எனப் பல காரணங்கள் உண்டு. தேர்தல் நடக்காததுதான் காரணம் என்று நான் சொல்லவில்லை. ஆனால் எங்கள் தெருவில் காலி மனையில் குவிந்திருந்த டயர்களைப் பற்றி யாரிடம் சொல்வது என்று அந்த ஆண்டு எங்களுக்குத் தெரியவில்லை. பல ஊராட்சிகளைச் சேர்த்துப் பார்த்துக்கொண்டிருந்த தனி அலுவலரைச் சந்திப்பதே பெரும்பாடு. 2019இல் தேர்ந்தெடுக்கப்பட்டவர்களின் காலம் 2025 ஜனவரியில் முடிந்ததும் அந்த மாவட்டங்களில் மீண்டும் தனி அலுவலர்கள் வந்தார்கள். கொசுப் புழுவைத் தேடி வீடுவீடாக வரும் தினக்கூலிப் பணியாளர்கள் தங்கள் வேலையைச் செய்கிறார்கள் என்பதை மட்டும் நியாயமாகக் குறிப்பிட வேண்டும்.

குடிநீர் என்று சொல்லும்போது வேங்கைவயலைக் கடந்து போக முடியாது. 2022 டிசம்பரில் புதுக்கோட்டை மாவட்டத்தின் அந்த ஊரில் குழந்தைகள் அடுத்தடுத்து நோயுற, நீரைச் சந்தேகிக்கச் சொன்னவர்கள் மருத்துவர்கள். தொட்டிக்குள் ஏறிப் பார்த்து, பட்டியல் சாதி மக்களுக்கான குடிநீரில் மலம் கலக்கப்பட்டிருந்ததைக் கண்டவர்கள் அந்த ஊர் மக்கள். நோய்க்கு மருந்து தர முடிந்தது. அந்த நோய் எங்கிருந்து வந்ததோ அதற்கு மருந்துப் பட்டியலில் எதுவும் இல்லை. பொதுச் சுகாதாரம் அரசியலோடு தொடர்பில்லாத, தூய மருத்துவ விஷயம் என்று வாதிடுபவர்களிடம் நான் இந்த ஒரு நிகழ்வை மட்டும் சுட்டிக்காட்டுவது வழக்கம்.

குறையைச் சொல்ல வழி இருக்கிறதா என்பதை எந்தச் சேவையின் மதிப்புரையிலும் பார்க்க வேண்டும். தாளில் வழிகள் ஏராளம். நிலையத்துக்கென்று நோயாளர் நலச் சங்கம் உண்டு. ஊருக்கென்று கிராம சுகாதாரக் குழு உண்டு, அதற்கு ஆண்டுதோறும் சிறு நிதியும் உண்டு. அண்மை ஆண்டுகளில் மாவட்ட சுகாதாரப் பேரவைகளும் கூட்டப்படுகின்றன. ஆனால் எங்கள் நிலையத்தின் நலச் சங்கத்தில் யார் யார் உறுப்பினர் என்ற பட்டியலைச் சுவரில் நான் கண்டதில்லை. தேசிய ஊரகச் சுகாதார இயக்கத்தின் தொடக்க ஆண்டுகளில், தமிழ்நாடு உட்பட ஒன்பது மாநிலங்களில், ஊர் மக்களே தங்கள் சுகாதாரச் சேவைக்குப் பச்சை, மஞ்சள், சிவப்பு என்று நிறமிட்டு மதிப்பெண் அட்டை தயாரிக்கும் சோதனை முயற்சி நடந்தது. நான் இங்கே தனியாக எழுதிக்கொண்டிருக்கும் மதிப்புரையை ஒரு கிராமமே உட்கார்ந்து எழுதிய முறை அது. தடுப்பூசிக்குப் பச்சை, செவிலியர் வருகைக்கு மஞ்சள் என்று அட்டையைப் பிடித்துக்கொண்டு பெண்கள் மருத்துவ அலுவலர் எதிரே உட்கார்ந்து பேசினார்கள். மாநிலம் முழுவதற்குமான நிலைத்த நடைமுறையாக அது வளராமல் போனது பெரிய இழப்பு.

எஞ்சியிருப்பது கிராம சபை. ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 என்று ஆண்டுக்கு ஆறு முறை கூடுகிறது. எங்கள் ஊர்க் கூட்டமொன்றில், நூறு நாள் வேலையும் வீட்டு வரியும் பேசி முடித்த பிறகு, மகளிர் குழுவைச் சேர்ந்த சில பெண்கள் எழுந்து, தெற்குத் தெருக் கடைசிக் குழாயின் நீரைச் சோதித்த நாளையும் அளவையும் தொட்டியருகே பலகையில் எழுத வேண்டும் என்று கேட்டார்கள். சுகாதார ஆய்வாளர் அங்கேயே இருந்தார். ஊராட்சிச் செயலரும் இருந்தார். தீர்மானம் எழுதப்பட்டது. பலகை வந்தது, சில மாதங்கள் ஒழுங்காக எழுதப்பட்டது, பிறகு இடைவெளி விழுந்தது, அடுத்த கூட்டத்தில் மீண்டும் கேட்டதும் எழுத்து திரும்பியது. கேட்கிறவரைக்கும்தான் பலகையில் எழுத்து இருக்கும் என்பதை அந்தப் பெண்கள் புரிந்துகொண்டுவிட்டார்கள். அதே கூட்டத்தில், நிலையத்துக்கு இரண்டாவது மருத்துவர் வேண்டும் என்ற தீர்மானமும் நிறைவேறியது. அது மேலே போனது, பதில் வரவில்லை. ஊராட்சியின் கைக்கு எட்டுவது எது, எட்டாதது எது என்பது இதில் தெரிகிறது.

ஆகவே என் பரிந்துரை இவ்வாறு: சர்க்கரை, இரத்த அழுத்தம், தடுப்பூசி, பேறுகாலப் பரிசோதனை ஆகியவற்றுக்கு இந்தச் சேவையைத் தயக்கமின்றிப் பயன்படுத்தலாம், தனியாரிடம் மாதந்தோறும் செலவழிப்பதற்கு மருத்துவக் காரணம் எதுவும் எனக்குத் தெரியவில்லை. மாத்திரை உறையின் மேல் வேளையை எழுதித் தரும்படி வற்புறுத்திக் கேளுங்கள். கேட்டால் எழுதித் தருகிறார்கள். பேறுகால நிதியுதவிக்கு வங்கிக் கணக்கு, ஆதார், பிக்மி எண் மூன்றிலும் பெயர் ஒரே எழுத்தில் இருக்கிறதா என்று முதலிலேயே சரிபார்த்துக்கொள்ளுங்கள். கிராம சபைக்குப் போகிறவர்கள், 501 முதல் 3,000 பேர் வரை உள்ள ஊராட்சியில் குறைவெண் வரம்பு, அதாவது கூட்டம் செல்லுபடியாகக் குறைந்தது வந்திருக்க வேண்டியவர்களின் எண்ணிக்கை, 100 என்பதை நினைவில் வைத்து அக்கம்பக்கத்தாரையும் அழைத்துச் செல்லுங்கள். வருகைப் பதிவேட்டில் கையெழுத்திட்டுவிட்டு உடனே கிளம்பிவிடாமல், உங்கள் கோரிக்கை தீர்மானப் புத்தகத்தில் நீங்கள் சொன்னபடியே எழுதப்பட்டிருக்கிறதா என்று படித்துப் பார்த்து, தீர்மான எண்ணைக் குறித்துக்கொண்டு வாருங்கள்.